முகையூர் ராஜ்தூத்

விழுப்புரம்
8.3.2025, சனி

இயேசு துணை

கவிதா அப்பாவுக்கு,

நான் மகள் வீட்டுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள்ளுங்கள். சாம்பல் புதன் அன்று கோவிலில் நெற்றியில் சாம்பல் வாங்கும்போதே நேர்ந்துகொண்டேன். தவக்காலம் முழுக்க, ஈஸ்டர் வரைக்கும், உங்களோடு ஒரு வார்த்தை பேசமாட்டேன். மற்றவர்கள் கறி மீனை விடுகிறார்கள். நான் உங்களை விட்டேன். அதனால் சும்மா சும்மா போன் போட்டுப் பேஜாரு பண்ணாதீர்கள். எழுதுவது பேச்சாகாது. சாமியாரைக் கேட்கவில்லை, நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

இதை மருமகன் பிரவீன் கையில் கொடுத்தனுப்புகிறேன். தினமும் திண்டிவனத்துக்கு ரயிலில் வேலைக்கு வருகிறவர், இறங்கி நம் வீட்டுப் பக்கம் நாலு எட்டு வைத்தால் என்ன? "இன்னா அத்தே, என்னைப் போஸ்ட்மேன் ஆக்கிட்டீங்களே" என்று சிரித்தார்.

உங்கள் சர்க்கரை மாத்திரை மிளகாய்த்தூள் டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. நான் இல்லை என்று இட்லிக்குச் சர்க்கரை தொட்டுத் தின்னாதீர்கள்.

மற்றபடி வீட்டுக்குள் நீங்கள் கொண்டுவந்து போட்டிருக்கும் அந்த இரும்புப் பிணத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. தையல் மிஷின் இருந்த இடத்தில் அதைப் போட்டீர்களே, அதைப் பற்றியும் எழுதப் போவதில்லை. ஊரில் எத்தனை ஓட்டை வண்டி கிடக்கிறது! முகையூர் சூசை மேரியின் புருஷன் வண்டிதானா உங்களுக்குக் கிடைத்தது? நான் வாழ்க்கைப்படுவதற்கு முன்னால் எவளுக்கும் உங்களுக்கும் கல்யாணம் பேசினார்களோ, அவள் வீட்டு வண்டி என் வீட்டு நடுவில் கிடந்தால், நான் எங்கே உட்கார்ந்து சோறு தின்பது?

பேத்தி மேடையில் பேசிப் பரிசு வாங்கினாள். அஞ்சாவது படித்தவளின் பேத்தி.

சவுரியம்மாள்


திண்டிவனம்
11.3.2025

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள சவுரிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாத்திரையும் கிடைத்தது. நாற்பது வருடமாக நம் வீட்டில் கடிதம் என்றால் "இயேசு மரி சூசை துணை" என்றுதான் தலைப்பில் போடுவோம். நீ மாதாவையும் சூசையப்பரையும் தள்ளிவிட்டு இயேசுவை மட்டும் தனியாக விட்டிருக்கிறாய். அந்தப் பெயரில் ஒருத்தி இருந்தால் அதற்குப் பரலோகம் என்ன செய்யும்?

நீ நினைப்பது போல் ஒன்றும் இல்லை. கண் மங்கிப் போய்க் கடையை மூடி ஒன்றரை வருடம் ஆயிற்று. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. விழுப்புரத்தில் பழைய இரும்புக் கடையில் இந்த ராஜ்தூத் மோட்டார் சைக்கிளைப் பார்த்தேன். கரும்பு டிராக்டருக்குப் பின்னால் போய் மோதின வண்டி. முன் சக்கரம் எட்டு போட்டிருந்தது. எடைக்குப் போட வைத்திருந்தார்கள், வாங்கினேன். அவள் புருஷன் லூர்துசாமி ஓட்டின வண்டி என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். சூசை மேரிக்கு இது இங்கே இருப்பதே தெரியாது.

வேலை எப்படிப் போகிறது என்று நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். துரு பிடித்த நட்டுகளை மண்ணெண்ணெயில் ஊற வைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். முதலில் ஹாரனைச் சரி பண்ணினேன், பாட்டரி வைத்தால் நன்றாகவே கத்துகிறது. சக்கரத்தைச் சுற்றிவிட்டு ஓரமாகத் துணிக்குக் கோடு போடும் சாக்குக்கட்டியைப் பிடித்தால், எங்கே வளைந்திருக்கிறதோ அங்கே மட்டும் கோடு விழும். அந்தப் பக்கத்துக் கம்பியை இழுத்துக் கட்ட வேண்டும். எவனும் எனக்குச் சொல்லித் தரவில்லை. செல்போனில் பார்த்தேன், மீதி நானாக யோசித்தேன்.

ஒரு சாமான் மட்டும் காணோம். கார்புரேட்டருக்குள் இருக்கும் பித்தளை ஊசி. விரல் நீளம், ஒரு முனை கூர். நீ போன அன்று காலையில் தட்டில் இருந்தது. எலி இழுத்துக்கொண்டு போயிருக்குமா?

அடைக்கலராஜ்


விழுப்புரம்
15.3.2025

இயேசு துணை

கவிதா அப்பாவுக்கு,

பித்தளையைத் தின்னும் எலி நம் வீட்டில் இல்லை. ஊசி என்னிடம் இருக்கிறது. ஜெபப் புத்தகத்தில் வைத்திருக்கிறேன். சிலுவைப்பாதை சொல்லும் பக்கத்தில்.

லூர்துசாமி வண்டி என்று அப்புறம்தான் தெரியுமாம்! கார்த்திகை மாசம் அந்த மனுஷன் செத்தபோது கூப்பிடாத சாவுக்கு முகையூர் வரைக்கும் பஸ் ஏறிப் போனவர் யார்? வெள்ளைச் சட்டைக்குக் கஞ்சி போடச் சொன்னவர் யார்? சாவு வீட்டில் அந்த வண்டி நசுங்கிக் கிடந்ததைப் பார்த்தேன் என்று என்னிடமே வந்து சொன்னீர்கள். வயசானால் பொய் சொல்லவும் ஞாபகம் வேண்டும்.

ஊசி இல்லாமல் வண்டி ஓடாதா? ஓட வேண்டாம்.

சவுரியம்மாள்


திண்டிவனம்
17.3.2025

இயேசு மரி சூசை துணை

சவுரிக்கு,

அடி பைத்தியக்காரி, அந்த வண்டிக்கு அந்த ஊசிதான் தொண்டை. அது ஏறி இறங்கித்தான் பெட்ரோலை விடும். திண்டிவனம், விழுப்புரம், புதுச்சேரி மூன்று ஊரிலும் கேட்டுவிட்டேன். "பெரியவரே, இதெல்லாம் இப்போ யார்கிட்ட கீது" என்கிறான்கள்.

வளைந்த முன்பக்கக் குழாயை மட்டும் லேத் பட்டறையில் கொடுத்து நிமிர்த்தினேன். மற்றது எல்லாம் நம் வீட்டில்தான், என் கையால்தான். எஞ்சினின் இரண்டு பாகத்துக்கு நடுவில் வைக்கும் காஸ்கெட்டைக் கத்தரிக்கோலால் நானே வெட்டினேன். கிழிந்துபோன சீட்டுக்குக் கறுப்பு ரெக்ஸின் வாங்கி நானே உறை தைத்தேன், இரட்டைத் தையல் போட்டு. நூல் கோக்கப் பக்கத்து வீட்டு வெண்ணிலா உதவினாள். கோபப்படாதே, அவளுக்கு முப்பது வயதுதான்.

ஊசியைப் பிரவீனிடம் கொடுத்தனுப்பு. கெஞ்சிக் கேட்கிறேன்.

அடைக்கலராஜ்


விழுப்புரம்
19.3.2025

இயேசு துணை

கவிதா அப்பாவுக்கு,

இன்றைக்குச் சூசையப்பர் திருநாள். பூசைக்குப் போனேன். தலைப்பில் போடவில்லை என்றாலும் அவரிடம் எனக்குக் கோபம் இல்லை.

எனக்குக் கடைசியாக நீங்கள் ரவிக்கை தைத்தது எப்போது? கவிதாவின் சின்ன நாத்தனார் கல்யாணத்துக்கு. மூன்று வருஷம் ஆகிறது. "கண்ணு தெரியல சவுரி, வெளியில குடுத்துத் தைச்சிக்கோ" என்றீர்கள். நம்பினேன். சூசை மேரி உட்கார்ந்து போன சீட்டுக்கு இரட்டைத் தையல் போட மட்டும் கண் தெரிகிறது!

ஊசி வேண்டும் என்றால் உண்மையை எழுதுங்கள். அந்த வண்டியைச் சரி செய்து என்ன பண்ணப் போகிறீர்கள்? பொழுதுபோக்கு என்று எழுதினால் ஊசியை இங்கே சாக்கடையில் போடுவேன்.

சவுரியம்மாள்


திண்டிவனம்
24.3.2025

இயேசு மரி சூசை துணை

சவுரிக்கு,

நான்கு நாளாக எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது தாள்.

உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நான் என் வாயால் உனக்குச் சொன்னதில்லை. எண்பத்து மூன்றில் எனக்கும் அவளுக்கும் நிச்சயம் ஆகி, கோவிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். இரண்டு ஞாயிறு ஆயிற்று. மூன்றாவது ஞாயிறுக்கு முந்தின நாள் நான் அவள் தெருவுக்குப் போயிருந்தேன். கல்யாண ரவிக்கைக்கு அளவு ரவிக்கை வாங்க வேண்டும் என்று என் அம்மா அனுப்பினாள். நான் தெருமுனையில் சைக்கிளை ஸ்டாண்ட் போடுகிறேன், லூர்துசாமி இந்த ராஜ்தூத்தில் என்னைத் தாண்டிப் போனான். அப்போது புத்தம் புது வண்டி. அவள் வீட்டு வாசலில் நிறுத்தி இரண்டு முறை ஹாரன் அடித்தான். இறங்கக்கூட இல்லை. அவள் கையில் ஒரு பையோடு வெளியே வந்து பின்னால் ஏறி உட்கார்ந்தாள். என்னைத் தாண்டித்தான் போனார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் கோவிலில் சாமியார் ஓலை வாசிக்கவில்லை. ஊரே என் முகத்தைப் பார்த்தது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவள் வேண்டாம். சத்தியமாக வேண்டாம். ஈஸ்டர் திங்கட்கிழமை இந்த வண்டியை அவள் வாசலில் கொண்டுபோய் நிறுத்தி, இறங்காமல், இரண்டு முறை ஹாரன் அடிக்க வேண்டும். அவள் வெளியே வந்து யார் என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். பார்த்ததும் திரும்பி வந்துவிடுவேன்.

ஹாரனை முதலில் சரி பண்ணினது அதற்குத்தான்.

அடைக்கலராஜ்


விழுப்புரம்
1.4.2025

இயேசு துணை

கவிதா அப்பாவுக்கு,

உண்மை எழுதினால் ஊசி தருவேன் என்றேன். தருகிறேன். இந்தத் தாளோடு துணியில் முடிந்திருக்கிறது. நான் சொன்ன சொல் மாறுகிறவள் இல்லை.

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. கவிதா என்னம்மா என்றாள். புளி சேரவில்லை என்றேன்.

அவள் வேண்டாம், அவள் பார்த்தால் போதும் என்கிறீர்கள். அவள் வேண்டும் என்று எழுதியிருந்தால்கூட நான் சண்டை போட்டிருப்பேன். சண்டை எனக்குத் தெரியும். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. நான் உங்களை நாற்பத்தோரு வருஷமாகத் தினமும் பார்க்கிறேனே, அது கணக்கில் வராதா?

உங்கள் முகத்தை மட்டும்தான் ஊர் பார்த்ததா? எட்டு மாதம் கழித்து எனக்கும் உங்களுக்கும் ஓலை வாசித்தார்கள். மூன்று ஞாயிறும் நான் கோவிலில் பெண்கள் பக்கத்தில் முட்டி போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் எவளோ சொன்னாள், "இவனுக்கு வாசிச்ச ஓலை தங்காதுடி." எனக்கு இருபது வயசு. மூன்று ஞாயிறும் ரோட்டில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கோவில் வாசலைத் திரும்பிப் பார்ப்பேன், அவள் உங்களைத் தேடித் திரும்பி வந்துவிட்டாளோ என்று. இப்போது அந்த மோட்டார் சைக்கிளையே வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள்.

போங்கள். ஹாரன் அடியுங்கள். நன்றாக அடியுங்கள்.

சவுரியம்மாள்


திண்டிவனம்
7.4.2025

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள சவுரிக்கு,

வண்டி ஓடிவிட்டது!

உன் கடிதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும், சொல்கிறேன். முதலில் இதைக் கேள். நேற்று ஞாயிறு, பூசை முடிந்து வந்து ஊசியைப் போட்டு மூடினேன். முப்பது உதை உதைத்தேன், கால் வீங்கிப்போனது. எஞ்சினைத் திரும்பக் கழற்றிப் பார்த்தால், நான் வெட்டின காஸ்கெட்டைத் திருப்பிப் போட்டு மாட்டியிருக்கிறேன். கைத்துணியை உள்பக்கம் வெளிப்பக்கம் மாற்றித் தைக்கும் பையனைக் கடையில் எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! திருத்தி மாட்டி ஒரே உதை. வீடு முழுக்கப் புகை. வெண்ணிலா ஓடி வந்து, "இன்னா தாத்தா, தீ புடிச்சிக்கிச்சா, தண்ணி ஊத்தட்டுமா?" என்று குடத்தோடு நின்றாள். நான் அழுதேன் சவுரி. புகைதான் என்று அவளிடம் சொன்னேன்.

நீ இருந்திருக்க வேண்டும். வேறு யாரிடம் காட்டினாலும் காட்டினது போல் இல்லை.

அந்த மூன்று ஞாயிறு பற்றி நீ எழுதினது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கே ஏதாவது சொல்லியிருப்பேன். இப்போது என்ன சொல்ல? ஒரே ஒரு முறை போய்விட்டு வந்துவிடுகிறேன். அதோடு தீர்ந்தது.

அடைக்கலராஜ்


விழுப்புரம்
12.4.2025

இயேசு துணை

கவிதா அப்பாவுக்கு,

முகையூருக்குப் போகாதீர்கள்.

நான் போய்விட்டு வந்தேன். வியாழக்கிழமை, பஸ்ஸில். கவிதாவிடம் முகையூர்க் கோவிலுக்கு நேர்ச்சை என்று சொன்னேன். அது ஒரு பொய், பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்வேன். அவளைப் பார்த்தேன், பேசினேன். காரணம் கேட்காதீர்கள். நான் சொல்கிறேன், போகாதீர்கள்.

நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு. பேத்தி ஓலையில் சிலுவை மடித்து வைத்திருக்கிறாள், உங்களுக்கு ஒன்று அனுப்புகிறேன்.

சவுரியம்மாள்


திண்டிவனம்
14.4.2025

சவுரிக்கு,

உன்னிடம் உண்மையைச் சொன்னது என் தப்பு. அந்தப் பெண்பிள்ளை புருஷனைப் பறிகொடுத்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை. நீ அவள் வாசலில் போய் நின்று என்ன கூத்து பண்ணினாய்? என்னைப் பற்றி என்ன சொன்னாய்? பிரவீனிடம் கேட்டால், "மாமா, என்கிட்ட அத்தே ஒண்ணுமே சொல்லல, மூஞ்சை மட்டும் தூக்கி வெச்சிக்கினு கீறாங்க" என்கிறார்.

பொறாமையில் வெந்துகொண்டு என்னைத் தடுக்கப் பார்க்கிறாய். திங்கள் வரை காத்திருக்க மாட்டேன். சனிக்கிழமையே போகிறேன். நீ கெடுத்து வைத்ததை நானே போய்ச் சரி செய்துகொள்கிறேன்.

அடைக்கலராஜ்


விழுப்புரம்
16.4.2025

இயேசு துணை

கவிதா அப்பாவுக்கு,

சொல்லக்கூடாது என்று இருந்தேன். நீங்கள்தான் சொல்ல வைக்கிறீர்கள். பாடுகளின் வாரத்தில் எழுதுகிறேன், ஒரு எழுத்து பொய் இல்லை.

நான் சண்டை போடத்தான் போனேன். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, கழுத்துச் செயின் வெளியே தெரியும்படி போட்டுக்கொண்டு போனேன். அவள் வாசலில் சாக்கு விரித்துப் புளி நசுக்கிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் அழகாகத்தான் இருக்கிறாள். எனக்கு எலிவால் மாதிரி ஆகிவிட்டது, அவளுக்கு நரைத்தும் கொண்டை கொள்ளாத முடி. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த வழியே திரும்பிவிடலாமா என்று இருந்தது.

"யாரும்மா? வா, குந்து" என்றாள்.

"திண்டிவனம். டைலர் ஊட்லருந்து வர்றேன்."

"எந்த டைலரு?"

"உனுக்கு ஓலை வாசிச்சாங்களே, ரெண்டு ஞாயிறு. அந்த டைலரு."

புளிக் கையை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள். அப்புறம் சிரித்தாள். "அட ஆமா! ஆரோக்கியராஜு! நல்லா கீறாரா மனுஷன்?"

"ஆரோக்கியராஜு இல்ல."

"அருள்ராஜா? கோச்சிக்காதக்கா. ராஜுன்னு முடியும், அது ஞாபகம் கீது. எங்கப்பாதான் பேசி முடிச்சாரு. நான் ஒரு தபாகூட அவரை நேரா பாத்ததில்ல. சைக்கிள்ல வருவாருன்னு சொல்வாங்க."

கவிதா அப்பா, நாற்பத்தோரு வருஷம் நான் இந்தப் பொம்பளையை நினைத்து வயிறு எரிந்திருக்கிறேன். நீங்கள் ராத்திரி தூங்காமல் புரண்டால் அவள் நினைப்பு என்று நினைத்தேன். சட்டைக்குக் கஞ்சி போட்டால் அவளுக்கு என்று நினைத்தேன். அவளுக்கு என் புருஷன் பெயர்கூடத் தெரியவில்லை!

எனக்கு எங்கிருந்து ஆத்திரம் வந்ததோ தெரியாது. அவள் உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்றால்கூட அவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. எழுந்து நின்று கத்தினேன். "அடைக்கலராஜ்! என் ஊட்டுக்காரரு பேரு அடைக்கலராஜ்! அடைக்கலராஜ்!" என்று மூன்று தடவை. கல்யாணம் ஆன நாளிலிருந்து என் வாயில் வராத பெயர். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டால்கூடக் கவிதாவைச் சொல்லச் சொல்வேன். எதிர் வீட்டு ஆள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து, "யாரும்மா காணாப் போய்ட்டாங்க? எத்தினி வயசு பையன்?" என்றான்.

அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். தாகமாக இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் உட்கார்ந்திருக்கும்போது தெருவில் எவனோ ஒரு பைக்கில் ஹாரன் அடித்துக்கொண்டு போனான். அவள் புளியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தாள். "தெனம் முனையில வரும்போதே ரெண்டு தபா அடிப்பாருக்கா. நான் சோத்தப் போட்டு வெப்பேன். அன்னிக்கும் போட்டு வெச்சிக்கினு குந்தினு இருந்தேன். அந்தச் சத்தம் இனிமே என் காதுல உழக்கூடாதுன்னுதான் வண்டிய இரும்புக்குப் போடச் சொன்னேன்" என்றாள்.

அந்த வண்டி எங்கே இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

நீங்கள் போய் அந்த ஹாரனை அடித்தால் அவள் வெளியே வரமாட்டாள். கதவைச் சாத்திக்கொள்வாள். தப்பித் தவறி வந்தாலும், "யாருப்பா நீ?" என்பாள். அவளுக்காக நான் இதைச் சொல்லவில்லை. அவள் அழுவது அவள் பாடு. என் புருஷனை ஒருத்தி வாசலில் நிற்க வைத்து யார் என்று கேட்பதை நான் தாங்கமாட்டேன்.

இதற்கு மேலும் போவதென்றால் போங்கள். நான் எழுதுவது இதோடு முடிந்தது.

சவுரியம்மாள்


திண்டிவனம்
18.4.2025, பெரிய வெள்ளி

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள சவுரிக்கு,

இன்று பிரவீனுக்கு விடுமுறை. இதைக் கொடுப்பதற்காகவே விழுப்புரம் போகும் பஸ்ஸில் தெரிந்த கண்டக்டரைப் பிடித்து, வாங்கிக்கொள்ளப் பிரவீனை பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

உன் கடிதத்தை முந்தாநாள் மூன்று முறை படித்தேன். எழுந்து போய் ஹாரன் வயரைப் பிடுங்கிப் போட்டேன். அப்புறம் வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். "ஆரோக்கியராஜ்" என்று ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. அவள் என்னை வெறுத்தாள், இளக்காரமாக நினைத்தாள் என்றெல்லாம் நான் எத்தனையோ விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். என்னை ஒரு முறைகூடப் பார்த்ததில்லை என்பது மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

முகையூருக்குப் போகமாட்டேன். உன்னைத் திட்டி எழுதினதற்கு மன்னித்துக்கொள்.

ஆனால் இன்று மூன்று மணி ஆராதனைக்குப் போய் முட்டி போட்டிருந்தபோது வேறு ஒன்று தோன்றியது. அதற்கப்புறம் எனக்கு ஜெபம் ஓடவில்லை. நீ என் பெயரைச் சொல்லியிருக்கிறாய். மூன்று முறை, தெருவே கேட்கும்படி. உன் வாயில் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. நாற்பத்தோரு வருடத்தில் நான் கேட்டதில்லை. "இந்தாங்க", "இங்க பாருங்க", "கவிதா அப்பா", அவ்வளவுதான். அந்த சூசை மேரி கேட்டிருக்கிறாள். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தானே அந்த எதிர் வீட்டுக்காரன், அவன்கூடக் கேட்டிருக்கிறான். அவர்கள் மேல் எனக்கு வயிறு எரிகிறது சவுரி. லூர்துசாமி மேல்கூட இப்படி எரிந்ததில்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் வருகிறேன். பஸ்ஸில்தான் வருகிறேன்.

உன்
அடைக்கலராஜ்


விழுப்புரம்
19.4.2025, சனி

கவிதா அப்பாவுக்கு,

கடிதத்தை பஸ் ஸ்டாண்டில் வாங்கி வந்து மருமகன் கொடுத்தார். இது உங்களுக்கு எப்படி வந்து சேரும் என்று தெரியவில்லை. திண்டிவனம் போகும் யாராவது கையில் கொடுக்கச் சொல்கிறேன். சேராவிட்டாலும் பரவாயில்லை, நீங்கள் எப்படியும் வருவீர்கள்.

வயிறு எரிகிறதா? எரியட்டும். எனக்கு நாற்பத்தோரு வருஷம் எரிந்தது, உங்களுக்கு ஒரு ராத்திரி எரிந்தால் ஒன்றும் ஆகிவிடாது. பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன் என்று ஆசையோடு வராதீர்கள். மருமகன் இருக்கிறார், பேத்தி இருக்கிறாள், நான் மானம் உள்ளவள். முகையூரில் கத்தினது ஆத்திரத்தில் கத்தினது.

ஆத்திரம் மறுபடி எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? பக்கத்திலேயே இருந்தால் கேட்கலாம்.

மாத்திரை போட்டுக்கொண்டு பஸ் ஏறுங்கள்.

சவுரியம்மாள்